அன்ரன் அண்ணன் சொன்ன ஓம்

பிப்ரவரி 8, ஞாயிறு

பனி உருகித் தெருவெல்லாம் சேறு. ஹீட்டர் மறுபடியும் பாதிச் சூடுதான். மூன்றாம் அத்தியாயம் நகரவில்லை. வேலை ஒப்பந்தம் மே மாதத்தோடு முடிகிறது. அதற்குள் புத்தகம். இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கோவில்பட்டி.

மதியம் வழக்கம்போலக் கீழ்வீட்டில் சாப்பாடு. புட்டு, மீன் குழம்பு. மியூனிக் வந்த முதல் குளிர்காலத்தில் இந்த வீட்டுப் படியில் வழுக்கி விழுந்தேன். தூக்கி உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தவர் அன்ரன் அண்ணன். அன்றிலிருந்து ஞாயிறு என்றால் அவர்கள் வீடுதான். அவர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. அவர் மனைவி றீற்றா அக்காவுக்கு முதியோர் இல்லத்தில். யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள். பிள்ளைகள் இல்லை.

என் ஆராய்ச்சியைப் பற்றி அக்கறையாகக் கேட்கிற ஒரே மனிதர் அண்ணன்.

"என்ன பிள்ளை, உங்கட கியூபாக்காரர் என்ன செய்யினம்?"

சொன்னேன். மஞ்சள் காய்ச்சல் எப்படிப் பரவுகிறது என்று தெரியாத காலம். கியூபாவில் அமெரிக்க ராணுவ டாக்டர்கள் ஆள் சேர்த்தார்கள். சில சிப்பாய்கள், காய்ச்சலில் செத்தவர்களின் அழுக்குப் படுக்கையில், வாந்தி காய்ந்த போர்வையில், இரவிரவாகப் படுத்துக் கிடந்தார்கள். ஒன்றும் வரவில்லை. வேறு சிலர் சுத்தமான அறையில் கொசுக்கடி வாங்கினார்கள். காய்ச்சல் வந்தது. கொசுதான் காரணம் என்று அப்படித்தான் நிரூபணமானது. கடி வாங்கியவர்களில் பலர் ஸ்பெயினிலிருந்து கப்பலில் அப்போதுதான் வந்து இறங்கிய கூலிக்காரர்கள்.

அக்கா: "சாப்பிடேக்கை கதைக்கிற கதையே இது?"

அண்ணன் சிரிப்பு. பிறகு, நிதானமாக: "எங்கட ஆஸ்பத்திரியிலயும் ஆள் தேடுகினம் பிள்ளை. அதே மஞ்சள் காய்ச்சல். தடுப்பூசியைக் குறைச்சுப் போட்டாலும் காணுமோ எண்டு பாக்கப் போகினமாம். அறுபதுக்குள்ள, சுகமான ஆக்கள் வேணுமாம். கன்ரீன் வாசல்ல ஒட்டியிருக்கு. நான் பேர் குடுத்திட்டன்."

அக்காவின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

பிப்ரவரி 10, செவ்வாய்

மழை. நூலகத்திலிருந்து ஸ்கேன் வந்தது, கியூபா ஒப்பந்தத்தின் பிரதி. எத்தனையாவது தடவையாகவோ படித்தேன். சாரம் இதுதான்: இந்தத் தீவில் இருக்கும்வரை உனக்கு இந்தக் காய்ச்சல் வராமல் இருக்கப்போவதில்லை, எங்களிடம் வந்தால் நல்ல பராமரிப்பு உண்டு, தங்கக் காசும் உண்டு. கீழே கையெழுத்து. சிலருக்கு வெறும் கீறல்.

இதைப் பற்றி என் அத்தியாயத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "கப்பலிலிருந்து இறங்கியவனுக்கு வேறு வழியில்லை. வழியில்லாதவன் சொல்லும் சம்மதம் சம்மதமாகாது." பல்கலைக்கழகத்தில் என் பேராசிரியர் அந்த வரியின் ஓரத்தில் பெரிய டிக் போட்டிருந்தார்.

மாலை அண்ணன் வந்தார், கையில் ஆஸ்பத்திரித் தாள்கள். எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமாகிறதாம், நான் ஒரு தடவை பார்க்க வேண்டுமாம். பார்த்தேன். பழைய தடுப்பூசிதான், பல தலைமுறையாகக் கோடிக்கணக்கான பேருக்குப் போட்டது. பக்க விளைவுகள்: கைவலி, லேசான காய்ச்சல், தலைவலி. கடைசியில், மிக மிக அரிதாக, உள்ளுறுப்புகள் பாதிப்பு. சொன்னேன்.

"மிக அரிது எண்டா?"

"ரொம்ப ரொம்ப ரேர் அண்ணா. பிளேன் விழுற மாதிரி."

"பிளேன்ல தானே வந்தனான்" என்றார்.

ஏன் போகிறீர்கள் என்று கேட்டேன். பணமா? கேட்டபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

கோபப்படவில்லை. கதையாகச் சொன்னார். இந்த நாட்டுக்கு வந்த புதிது. ஒரு ரெஸ்டாரண்ட் அடுக்களையில் ஒளிந்து வேலை. ஒருநாள் வயிற்றுப்புண் வெடித்து ரத்த வாந்தி. "பேப்பர் இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, பாஷை இல்லை. போத்தில் போத்திலா ஏத்தினவங்கள் பிள்ளை. ஆரின்ர ரத்தமோ தெரியாது. கேட்டனான், சொல்லமாட்டினமாம்." பிறகு ரத்தம் கொடுக்கப் பல தடவை போயிருக்கிறார். வன்னியில் மலேரியா வந்து கிடந்தவர் என்று ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "இதுக்கு எடுப்பினமாம். மலேரியா பறவாயில்லையாம்."

எழுந்து போகும்போது என் மேசையைப் பார்த்தார். திரையில் அந்த வாக்கியம். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். தமிழில் சொன்னேன்.

கதவுப்பிடியில் கை வைத்தபடி கேட்டார்: "வழியில்லாதவன் ஓமெண்டு சொன்னா, அது ஓம் இல்லையோ பிள்ளை?"

ஓம் என்றால் அவர்கள் ஊர்ப் பேச்சில் ஆமாம், சம்மதம். புத்தகங்களில் நிறையப் பதில் இருக்கிறது. திரையை மூடினேன்.

பிப்ரவரி 12, வியாழன்

ஊசி நேற்றுப் போட்டாயிற்று. அண்ணன் மாடிப்படியில் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். சின்ன பிளாஸ்டர்.

"புரோபாண்ட் எண்டு கூப்பிடுகினம். சோதனைக்கு வந்த ஆளாம். டாக்டரம்மா கைகுலுக்கினவா. சமையலறைக்கு வந்து இத்தனை வருஷத்தில ஒரு டாக்டரும் எனக்குக் கை தந்ததில்லை."

டாக்டர் யூலியா. இளம்பெண்ணாம். இந்தச் சோதனையை நடத்துகிறவள் அவளேதானாம்.

அக்கா இரண்டு நாளாக அவரோடு பேசுவதில்லை. குழம்பு மட்டும் வைத்துக் கொடுக்கிறாள். காரம் கூடுதல் என்று அவர் புகார்.

துணி துவைக்கும் முறை நாளைக்கு. சோப்புத்தூள் வாங்க வேண்டும்.

பிப்ரவரி 15, ஞாயிறு

வெயில், ஆனால் குளிர். சாப்பிடப் போனேன், சாப்பாடு இல்லை. அண்ணனுக்கு நேற்று மாலையிலிருந்து காய்ச்சல். சோஃபாவில் சுருண்டு கிடக்கிறார். இடுப்பு முறிகிற மாதிரி வலியாம். ஏதாவது வேடிக்கையாகச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த எண்ணுக்கு அக்கா அழைத்தாள். அவளுடைய ஜெர்மன் என்னுடையதைவிட நல்ல ஜெர்மன், அடுக்களையிலும் நோயாளிப் படுக்கையருகிலும் பழகியது. பணியிலிருந்த டாக்டர், காய்ச்சல் எதிர்பார்த்ததுதான், நீர் நிறையக் கொடுங்கள், காலையில் கூட்டி வாருங்கள், மோசமானால் உடனே அவசர ஊர்தி என்றார்.

"நான் நூறு கிழடுகளைப் பாத்திருக்கிறன் பிள்ளை. உது சும்மா காய்ச்சல் இல்லை."

அவரிடம் இன்னும் பேசவில்லை அவள். நெற்றியில் ஈரத்துணியை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 16, திங்கள்

காலையிலேயே ஆம்புலன்ஸ். வாந்தி நிற்கவில்லை. கடைசியாக எடுத்தது கறுப்பாக இருந்தது. அந்த நிறத்தை நான் படித்திருக்கிறேன். ஸ்பானிஷ்காரர்கள் இந்தக் காய்ச்சலுக்கே அந்த வாந்தியின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். பார்த்ததில்லை. இன்றைக்குத்தான் பார்த்தேன். ஓடிப்போய்த் தரையைத் துடைத்தேன். ஏன் துடைத்தேன் என்று தெரியவில்லை, அக்கா பார்க்கக் கூடாது என்றுதான் போல. அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள்.

டிராமில் ஆஸ்பத்திரிக்கு. தெருவில் கார்னிவல். கோமாளி மூக்கு வைத்த ஒருத்தன் எனக்கு ஒரு மிட்டாய் நீட்டினான். வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

தீவிர சிகிச்சைப் பிரிவு. தாழ்வாரத்தில் நீல நாற்காலிகள். காபி இயந்திரம் வேலை செய்யவில்லை.

டாக்டர் யூலியா வந்தாள். என்னைவிடச் சின்னவள். என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் தொடங்கினாள், மொழிபெயர்ப்பேன் என்று நினைத்து. அக்கா ஜெர்மனில் குறுக்கிட்டாள்: என்னிடம் சொல்லுங்கள், நான் மனைவி.

சொன்னாள். தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள வைரஸ், வலுவிழக்க வைத்தது. கிட்டத்தட்ட எல்லோருடைய உடம்பும் அதை அடக்கிவிடும். இவருடைய உடம்பு அடக்கவில்லை. உள்ளே பெருகுகிறது. ஈரல், சிறுநீரகம். இதற்கென்று மருந்து கிடையாது. தாங்கிப் பிடிக்கலாம், அவ்வளவுதான்.

"ஏன் இவருக்கு?" அக்கா.

"தெரியவில்லை."

"குறைச்சுப் போட்டதாலயோ? இல்லை முழுசாப் போட்டதோ?"

"முழு அளவுதான். யாருக்கு எந்த அளவு என்று மூடி வைத்திருந்ததை இப்போது பிரித்துப் பார்த்துவிட்டோம். வழக்கமாக எல்லோருக்கும் போடும் அதே ஊசி."

அப்படியானால் குறைந்த அளவு போட்டுப் பார்க்கும் புதுப்பக்கம்கூட இல்லை அவர். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்த பக்கம். எந்தப் பயணிக்கும் போடுகிற ஊசி.

டாக்டர் போனபிறகு, "அக்கா, நான் ஜெர்மன்ல உங்களுக்கு ஒண்ணும் ஹெல்ப் பண்ண முடியல" என்றேன்.

"எனக்கு ஜேர்மன் விளங்கும் பிள்ளை. பக்கத்தில இருக்க ஆள்தான் வேணும்."

பிப்ரவரி 18, புதன்

சாம்பல் புதன், தவக்காலம் தொடங்குகிற நாள். அக்கா காலைப் பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பலோடு வந்தாள். தாதி ஒரு நிமிடம் அதைப் பார்த்தாள், பிறகு அவளுக்கு மேலங்கியைக் கட்டிவிட்டாள். என்னையும் உள்ளே விட்டார்கள், குடும்பம் என்று அக்கா சொன்னதால்.

கண் முழுக்க மஞ்சள். ஈறில் ரத்தம். ஆனால் நினைவு இருந்தது.

அக்கா அவரோடு பேசினாள், இத்தனை நாளுக்குப் பிறகு. "இஞ்சருங்கோ, ஆரைக் கேட்டு அங்க போனனீங்கள்?"

"உன்னைக் கேட்டா விடமாட்டாய்."

"விடமாட்டன்தான்."

"அதான்."

கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் அவள் நெற்றியைப் பார்த்துவிட்டு, எனக்கும் கொஞ்சம் பூசு என்றார். தன் நெற்றியிலிருந்து விரலால் தொட்டு அவர் நெற்றியில் வைத்தாள். வேர்வையில் ஒட்டவில்லை.

பிறகு என்னைக் கூப்பிட்டார். குரல் மிகச் சன்னம். குனிந்தேன்.

"பிள்ளை. என்னை எழுதுவியளோ?"

"இல்லண்ணா. வீட்டுக்கு வாங்க முதல்ல."

"எழுதினா, வழியில்லாமப் போனவன் எண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ. எனக்கு வழி இருந்தது. நான் ஓமெண்டு சொன்னனான்."

தலையாட்டினேன். வெளியே வந்து கழிப்பறையில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். யாரோ கதவைத் தட்டினார்கள். "ஆளிருக்கு" என்று தமிழில் சொன்னேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

நேற்று மாலை மூச்சுக்கு இயந்திரம். ரத்தம் சுத்திகரிக்க இன்னொன்று. இனி பேச்சு இல்லை.

அண்ணனுக்கு ரத்தம் ஏற்றுகிறார்கள். தொங்கும் பையில் எண்ணும் பட்டைக்கோடும் மட்டும். கொடுத்தவர் யாரோ.

பேராசிரியரின் மின்னஞ்சல். விஷயத்தை நான்தான் விடுப்புக் கேட்கும்போது சொல்லியிருந்தேன். அன்பாக எழுதியிருக்கிறார். எவ்வளவு நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள். கடைசிப் பத்தி: இது பயங்கரம்தான், ஆனால் வரலாற்று ஆய்வாளருக்கு இவ்வளவு அருகில் ஒரு பார்வை அபூர்வம், பிறகு, தயாரானால், முன்னுரையில் இதைப் பற்றி யோசிக்கலாம்.

அவர் மேல் கோபப்பட முடியவில்லை. அவர் சொல்வதற்கு முன்பே எனக்கும் தோன்றியிருந்தது. புதன்கிழமை அந்தப் படுக்கையருகே நிற்கும்போதே தோன்றியது.

பிப்ரவரி 21, சனி

தூறல்.

அக்காவுக்குக் கொண்டுபோக: மாற்றுடை, ஜெபமாலை (தலையணை அடியில்), கண்ணாடி, சர்க்கரை மாத்திரை, ஏதாவது சாப்பாடு. தயிர்ச்சாதம் பிசைந்தேன். தொடவில்லை.

அவள் வேலை செய்யும் இல்லத்துக்கு நான்தான் போன் செய்து சொன்னேன். அங்கிருந்த பெண், எங்கள் கிழவிகள் எல்லாம் றீற்றா எங்கே, றீற்றா எங்கே என்று கேட்கிறார்கள் என்றாள்.

கியூபாவில் ஒரு தாதி இருந்தாள். அவளும் தானாகவே கடி வாங்கினாள். முதல் தடவை லேசாகக் காய்ச்சல் வந்து தேறிவிட்டாள். மறுபடி கடிக்க விட்டாள். செத்துப்போனாள். கிடைத்த பணத்தை வீட்டுக்கு, அம்மாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவள். அவளைப் பற்றி எத்தனையோ கருத்தரங்குகளில் பேசியிருக்கிறேன், ஸ்லைடு போட்டு. கேள்வி நேரத்தில் ஜோக் கூட அடித்திருக்கிறேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

காலையில் போய்விட்டார்.

மணி அடித்துக்கொண்டிருந்தது எங்கோ. அக்கா கூட இருந்தாள். நான் படியேறிக்கொண்டிருந்தேன்.



பிப்ரவரி 23, திங்கள்

சின்ன அறை. மேசை மேல் காகிதக் கைக்குட்டைப் பெட்டி, ஒரு செயற்கைச் செடி. டாக்டர் யூலியாவும் வயதான இன்னொரு டாக்டரும்.

பிரேதப் பரிசோதனை சட்டப்படி நடந்தே தீருமாம். அதற்கு அக்காவின் சம்மதம் தேவையில்லை. அவர்கள் கேட்டது வேறு. ஈரலில் ஒரு துண்டும் ரத்தமும் ஆராய்ச்சிக்காக வைத்துக்கொள்ள வேண்டும். ஏன் இவருக்கு இப்படி ஆனது என்று தேட. பிறகு மருத்துவ இதழில் எழுத.

அக்கா செடியின் இலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"பேர் வருமோ?"

"வராது. வயது, ஆண் என்பது, என்ன நடந்தது என்பது. அவ்வளவுதான். யாரென்று யாருக்கும் தெரியாது."

"அப்ப அது ஆர்?"

இதைத் தமிழில்தான் கேட்டாள், என்னைப் பார்த்து. மொழிபெயர்த்தேன். வயதான டாக்டர் பொறுமையாக விளக்கினார்: நோயாளியைப் பாதுகாக்கத்தான் இந்த விதி. ஒரு காலத்தில் இப்படி விதியெல்லாம் இல்லை, மிக மோசமாக நடந்திருக்கிறது.

தெரியும். அந்த மோசமான காலத்தைப் பற்றித்தான் நான் எழுதுகிறேன். கொசுக்கடி வாங்கிய ஸ்பெயின்காரர்களின் பெயர் எனக்குத் தெரிவதே அப்போது விதி இல்லாததால்தான். தப்பும் தவறுமாகவாவது பெயர் இருக்கிறது.

அக்கா ஜெர்மனுக்கு மாறினாள். "செத்தவரை ஆரிட்ட இருந்து பாதுகாக்கிறீங்கள்? அன்ரன் எண்டு போடுங்கோ. போட்டா எடுங்கோ. இல்லையெண்டா அவரை முழுசாத் தாங்கோ."

(அவள் சொன்னது ஜெர்மனில். எனக்குக் கேட்டது இப்படித்தான்.)

முடியாது என்றார்கள். அப்படியென்றால் முடியாது என்றாள் அவளும். எழுந்துவிட்டாள்.

படியிறங்கும்போது என் கையைப் பிடித்தாள். "நான் செய்தது பிழையோ பிள்ளை?"

"எனக்குத் தெரியலக்கா."

உண்மைதான். ஒரு பக்கம், கொடுக்காதே, எதுவும் கொடுக்காதே என்று கத்த வேண்டும் போலிருந்தது. இன்னொரு பக்கம், அடுத்து யாருக்கோ இதே ஊசி. அந்த யாரோவின் வீட்டில் ஒருத்தி.

பிப்ரவரி 27, வெள்ளி

அடக்கம். காற்று, காற்று. குருவானவரின் தாள்கள் பறந்தன.

பிறகு ஆலய மண்டபத்தில் தேநீர், ரோல்ஸ். நம்மாட்கள் நிறைய. அக்கா நாற்காலியில், வரிசையாக வந்து கைபிடித்துப் போகிறார்கள். நான் தேநீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில்.

காதில் விழுந்தவை:

"ஊசி போடப் போனவராம், காசுக்கு."

"உந்தக் காசு ஆருக்கு? பிள்ளையோ குட்டியோ?"

"வெள்ளையள் எலிக்குப் போடுறதை எங்கட ஆக்களுக்குப் போடுறாங்கள். இவர் போய் நிண்டிருக்கிறார்."

"பாவம், பாஷை விளங்கியிருக்காது."

அக்கா இருந்த இடத்துக்கும் கேட்டது. தெளிவாகக் கேட்டது, முகத்தில் தெரிந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நின்றேன். காசுக்குப் போகவில்லை, அவருக்கு விளங்கியது, அவர் ஓம் என்று சொன்னார். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. வாய் திறந்தேன். யாரோ ஒரு கோப்பையை நீட்டினார்கள். ஊற்றிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து அத்தியாயத்தைத் திறந்தேன். "வேறு வழியில்லை." "சம்மதமாகாது." மண்டபத்தில் பேசியவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? எனக்கு அடிக்குறிப்பு இருக்கிறது.

மார்ச் 1, ஞாயிறு

அக்கா சமைத்தாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. மூன்று தட்டு வைத்துவிட்டு ஒன்றை எடுத்து உள்ளே வைத்தாள்.

சாப்பிட்டு முடிக்கும் முன் மணி அடித்தது. டாக்டர் யூலியா. சாதாரண உடையில், கையில் டியூலிப் பூக்கள். வரக்கூடாது, விதிப்படி வரவே கூடாது என்று வாசலிலேயே சொன்னாள். அக்கா பூவை வாங்கிக்கொண்டு நாற்காலியைக் காட்டினாள். அண்ணனின் நாற்காலி. வேறு இல்லை.

தண்ணீர் குடித்தாள். பிறகு சொன்னாள்: சோதனை தொடங்குவதற்கு முன்னால் அவளும் அதே ஊசியைப் போட்டுக்கொண்டாளாம். மற்றவர்களுக்குப் போடுவதைத் தானும் போட்டுக்கொள்ளாவிட்டால் சரியில்லை என்று. "எனக்குக் கைகூட வலிக்கவில்லை" என்றாள். அங்கே உடைந்துவிட்டாள். மேசையில் கவிழ்ந்து, தோள் குலுங்க.

கியூபாவிலும் டாக்டர்கள் முதலில் தங்களையே கடிக்க விட்டார்கள். ஒருவர் இறந்தார். அவருக்கு நினைவுப் பலகை இருக்கிறது. அதெல்லாம் நினைவுக்கு வந்தது, வராமல் இருந்திருக்கலாம்.

அக்கா எழுந்து தேநீர் போட்டாள். பால், சீனி தாராளமாக. அவள் முன்னால் வைத்தாள்.

"உனக்கு ஒண்டும் நடக்கேல்லை. நல்லது பிள்ளை. குடி."

தமிழில்தான். அவளுக்கு விளங்கியிருக்காது. குடித்தாள்.

பிறகு அக்கா ஜெர்மனில் கேட்டாள். அந்தத் துண்டை வைத்துக்கொண்டால் காரணம் கிடைக்குமா?

"தெரியாது."

"அடுத்த ஆளைக் காப்பாற்றலாமா?"

"தெரியாது. தேடலாம். தேடுவதற்கு வேறு எதுவும் இல்லை."

உறுப்புகளில் கொஞ்சம் சட்டப்படி இன்னும் அங்கேதான் இருக்கிறதாம், குறிப்பிட்ட காலத்துக்கு. இப்போதும் நேரம் இருக்கிறது. ஆனால் நான் அதற்காக வரவில்லை என்றாள். நான் நம்பினேன். அக்காவும் நம்பினாள் என்று நினைக்கிறேன்.

"பேர் போடமாட்டீங்கள்."

"போட முடியாது."

அக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். வெளியே பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எடுங்கோ" என்றாள். "அவர் குடுக்கத்தான் போனவர். நான் மறிச்சு வைக்கேலாது. பேர் இல்லாட்டி இல்லை. எடுங்கோ. ஆனா இதுக்குப் பிறகு என்னிட்ட வந்து ஒண்டும் கேக்காதேங்கோ. எனக்கு இனிக் குடுக்க ஒண்டும் இல்லை."

மொழிபெயர்க்கச் சொல்லி என்னைப் பார்த்தாள். அவளால் சொல்ல முடியாத ஜெர்மன் இல்லை அது. சொன்னேன். கடைசி வரியை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

மார்ச் 5, வியாழன்

திடீர் வெப்பம். ஆல்ப்ஸ் மலைப் பக்கமிருந்து வரும் வெதுவெதுப்பான காற்று. தலைவலி.

அத்தியாயத்தில் அந்த 'வழியில்லாதவன்' வாக்கியத்தை அழித்தேன். "அவர்கள் சரி என்றார்கள். ஏன் என்று நமக்குத் தெரியாது" என்று எழுதினேன். பேராசிரியர், இது வாதம் இல்லையே என்கிறார். அவர் சொல்வது சரி. வாதம் இல்லை.

ஒப்பந்தம் நீட்டிப்பு பற்றிப் பேச்சில்லை.

மார்ச் 11, புதன்

அண்ணனின் உடைகளை அக்காவோடு சேர்ந்து மடித்தேன். சமையலறை வேலைக் கால்சட்டை, பூசைக்குப் போகும் கோட். ஒரு கம்பளிச் சட்டையை எனக்குக் கொடுத்தாள். பெரிதாக இருக்கிறது. போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அம்மா போன். எப்ப வர்ற, ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு? சளி என்றேன்.

மார்ச் 24, செவ்வாய்

டாக்டர் யூலியா அழைத்தாள். நான் கீழ்வீட்டில் இருந்தேன். அக்கா ஒலிபெருக்கியில் போட்டாள்.

முதல் சுற்றுச் சோதனைகள் முடிந்தனவாம். வைரஸ் மாறவில்லை, ஊசியில் இருந்த அதே வைரஸ். ஊசியில் குறை இல்லை. அவர் உடம்பில், அவர்கள் தேடத் தெரிந்த இடத்திலெல்லாம், குறை இல்லை. காரணம் கிடைக்கவில்லை. இன்னும் தேடுவோம், ஆனால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். நிறுத்தி வைத்திருந்த சோதனை அடுத்த வாரம் மறுபடி தொடங்குகிறது. உங்களுக்கு வேறு வழியில் தெரிய வரக் கூடாது என்றுதான் நானே சொல்கிறேன்.

"சரி" என்றாள் அக்கா. "நன்றி." வைத்துவிட்டாள்.

கோப்பைகளைக் கழுவத் தொடங்கினாள். நான் துடைத்தேன்.

முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்: "உங்கட கியூபாவில கடி வாங்கினவை, அந்தக் கப்பல்ல வந்தவை. தப்பினவைதானே கனபேர்?"

"ஆமாக்கா. அந்த முதல் குரூப்ல எல்லாரும் பிழைச்சுட்டாங்க."

"பிறகு என்ன ஆனவை? ஊருக்குப் போனவையோ? கலியாணம் கட்டினவையோ?"

"தெரியலக்கா. காய்ச்சல் விட்ட நாளோட சார்ட் முடிஞ்சிருது. அதுக்கப்புறம் யாரும் போய்க் கேக்கல. நானும் தேடிப் பாத்தேன். ஒண்ணும் கிடைக்கல."

குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒருத்தரும் போய்க் கேக்கேல்லை" என்றாள், கேள்வியாக இல்லை.

பிறகு, "நாளைக்கு எனக்குக் காலமை வேலை. நீங்கள் மேல போங்கோ பிள்ளை" என்றாள்.